உமி போட்ட பானை

அக்காவை ரங்கூனுக்குக் கூட்டி வந்து என்னோடு வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்தது போன வருஷம் மாசி மாதத்தில். அவளிடம் கேட்டு எடுத்த முடிவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், பிறகு அந்த வேண்டாமையே ஒரு மாதம் பேசுவாள். அதனால் முதலில் வீட்டில் ஒரு மூலையை ஒழித்து வைத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன்.

என் வீடு ரங்கூனில் பபேடான் பகுதியில், கடைகளுக்கு மேலே, மேல்மாடியில். ஒரே நீள அறை, நான் ஒருத்திதான். தெருப்பக்கம் வராந்தா என்ற பெயரில் ஓர் ஆள் நிற்கும் இடம். அங்கிருந்து கீழே ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், இந்தப் பக்கம் ஒரு மணி. ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் படியேறி வருவதில்லை. துணியையும் அளவு ரவிக்கையையும் பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டுவார்கள், நான் மேலே இழுத்துக்கொள்வேன். தைத்து முடித்தால் அதே வழியாக இறக்கிவிடுவேன். சிலருடைய முகம் எனக்குச் சரியாகத் தெரியாது, இடுப்பளவு மட்டும் மனப்பாடம். அறையில் இரண்டு கால்மிஷின் இருந்தது. ஒன்று ஓடும், மற்றது ஓடாது. கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்பதால் ஓடுகிற கால்மிஷினை நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஓடாததை யாருக்காவது தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு கட்டில் போடுவது என்பது என் திட்டம்.

அக்கா இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெரிய படகில் டலாவுக்குப் போய், த்வாண்டே வண்டி பிடித்து, வாய்க்கால் ஓரத்தில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் நெல் விளைவிக்க ஆள் பிடித்து வந்து இறக்கிய ஊர் அது. எங்கள் பக்கத்து ஆட்கள் துறைமுகம், ரயில், முனிசிபாலிட்டி என்று பட்டணத்தில் வேலை பார்த்துப் பட்டணத்து ஆட்களாகிப் போனோம். எங்கள் தெருப் பிள்ளைகள் சண்டை போடுவதுகூடப் பர்மாப் பேச்சில்தான். அந்த ஊர் அப்படி இல்லை. அங்கே எந்த வாக்குவாதத்தையும் ஒரு சொல்லால் முடித்துவிடுவார்கள்: வழக்கம். ஏன் கோயிலின் வடக்கு வாசல் பூட்டியிருக்கிறது? வழக்கம். ஏன் பெண்கள் பின்னால் உட்கார வேண்டும்? வழக்கம். அக்காவைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து எனக்கும் அந்தச் சொல்லுக்கும் ஆகாது.

அந்த ஊரின் அம்மன் கோயிலுக்கு வயல் உண்டு. அதை ஊர்க்காரர்களுக்கே பிரித்துக் கொடுப்பார்கள். உழுது பயிரிட்டு, கோயிலுக்குச் சேர வேண்டிய நெல்லை அளந்துவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்தலாம். யாருக்கு எந்தத் துண்டு என்பதைச் சித்திரை பிறந்து, தண்ணீர்த் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் கொட்டகையில் ஊர் கூடி முடிவு செய்யும். வீட்டுக்கு ஒரு கை. அதாவது ஒவ்வொரு வீட்டிலும் மூத்த ஆண் கையைத் தூக்குவார். கை உள்ள வீட்டுக்குத்தான் வயல். ஆண் இல்லாத வீட்டுக்குக் கை இல்லை, கை இல்லாவிட்டால் வயலும் இல்லை.

கூட்டத்தை நடத்துவது ஊர்ப்பெரியவர். பர்மாக்காரர்கள் அவரை ஊலேய், அதாவது மாமா, என்பார்கள், நம்மவர்கள் பெரியவர் என்று நிறுத்திக்கொள்வார்கள். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா பெரியவராக இருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வெள்ளம் வந்தால் முதல் தோணியை அவர்தான் தள்ளுவார். ஆனால் அந்த ஊரில் அவர் சொன்ன ஒரு விஷயம் தோற்றதாக நான் கேள்விப்பட்டதே கிடையாது. முதலில் அவர் கை எழும். பிறகு பங்காளிகள். பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு. விரலில் மை தோய்த்து நாட்டுக்கு ஓட்டுப் போட்ட காலத்திலும் அந்த ஊர் மொத்தமும் ஒரே பக்கம்தான் போட்டதாம். எந்தப் பக்கம் என்று இங்கே எழுதப் போவதில்லை, அது இப்போது வேண்டாத பேச்சு.

இடையில் ஒரு விஷயம் நடந்தது. ஊரில் வாலிபர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பாங்காக், மலேசியா என்று கிளம்பிவிட்டார்கள். ஏன் போனார்கள் என்று இந்த நாட்டில் இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. அக்கா மகனும் பாங்காக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருக்கிறான். ஆள் போனாலும் வீட்டின் கை போகக்கூடாது என்று ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. போனவனுடைய கையை உள்ளூரில் இருக்கிற பங்காளி சேர்த்துத் தூக்கலாம். முந்தின சித்திரைக் கூட்டத்தில் நானே என் கண்ணால் பார்த்தேன், ஒரு மனுஷர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். போலீஸ்காரன் துப்பாக்கி நீட்டியதுபோல இருந்தது. இன்னொரு வீடும் அவர் பொறுப்பில் வந்தால் காலைத்தான் தூக்க வேண்டும் என்று அக்கா காதில் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தாவணியைக் கடிக்கிற வயசுப் பெண்போலச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். அப்போது அத்தான் உயிரோடு இருந்தார், படுக்கையில். அவருக்காக அந்த ஒரு வருஷம் பெரியவரே கை தூக்கினார்.

அந்த மழைக்காலத்தில் அத்தான் போய்விட்டார். அவர் வழியில் அந்த ஊரில் பங்காளி என்று ஒருவரும் மிச்சமில்லை. கை கடன் கொடுக்க ஆள் இல்லாத வீடு அக்கா வீடு ஒன்றுதான். வருஷம் திரும்பும்வரை வயல் அவளிடம் இருக்கலாம், சித்திரைக் கூட்டத்தில் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். வயல் போனால் அந்த ஊரில் அவளுக்கு என்ன வேலை? கூலிக்கு நாற்று நடுகிற வயசையும் தாண்டியாகிவிட்டது. அதனால்தான் நான் மூலையை ஒழித்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு பெரிய நைலான் பைகளை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் துணிமணி, பாத்திரம், சாமி படம் எல்லாவற்றையும் அதில் கட்டி அன்று சாயங்காலப் படகிலேயே கூட்டி வந்துவிடுவதாக ஏற்பாடு. அக்கா என் பைகளைப் பார்த்தாள். முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அப்பிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வாசலில் கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, பை ரெண்டும் காலியா வந்திருக்கு? ரங்கூன்ல ஒண்ணும் கிடைக்கலியா?"

ஐம்பது தாண்டியும் நான் அவளுக்குப் பாப்பா. விஷயத்தைச் சொன்னேன். கட்டில் போடப் போகிறேன் என்றும், வராந்தாவில் துளசி வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆசை காட்டினேன். அவள் கோழியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"கூட்டம் முடியட்டும். நான் கேக்கப் போறேன்."

"யாரை?"

"பெரியவரைத்தான். எனக்கும் ஒரு கை குடுங்கன்னு."

எனக்குக் கோபம் வந்தது. கேட்டு, ஊர் முன்னால் மூக்குடைபட்டு, அப்புறம் அழுதுகொண்டே பை கட்ட வேண்டுமா என்று கத்தினேன். இந்த ஊர் மாறும் என்று நினைக்கிறாயா, இவர்கள் மாறுவதற்குள் வாய்க்கால் எதிர்ப்பக்கம் ஓடும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கா குருணைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "யாபாடே, பரவாயில்லை. கேட்டா வாயா தேஞ்சு போகும்?" என்று சொல்லிக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கொட்டகையில் நல்ல வெக்கை. ஆண்கள் முன்னால் பாயில், பெண்கள் பின்னால் மண்ணில். கோயில் மடைப்பள்ளியில் பெரியவருடைய மனைவி கூட்டத்துக்கு வந்தவர்களுக்காகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். மடைப்பள்ளி கொட்டகையை ஒட்டினாற்போலவே இருக்கிறது, நடுவில் ஒரு தட்டிச் சுவர், வாசலுக்குப் பழைய லுங்கித் திரை. பெரியவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலியாகும் வயல் என்று அக்கா வயலின் பேரைச் சொன்னார். சொன்ன உடனே அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

அவளுக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. பெரியவரைப் பார்க்காமல் கொட்டகைத் தூணைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு படுத்த படுக்கையா கிடந்த வருஷம் அந்த வயலை யாரு நட்டா? யாரு அறுத்தா? கோயிலுக்கு அளந்த நெல்லு குறைஞ்சுதா? பதர் கலந்து வந்துதா? குறைஞ்சிருந்தா சொல்லுங்க, இப்பவே ரங்கூன் போயிடறேன். என் தங்கச்சி பை கொண்டாந்திருக்கா."

எல்லாரும் திரும்பி என் பைகளைப் பார்த்தார்கள். நான் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவருடைய பங்காளி, இரண்டு கை தூக்கிய அதே மனுஷர், வழக்கம் என்று ஆரம்பித்தார். அப்போது பின்னாலிருந்து பெண்களில் யாரோ ஒருத்தி, எந்த வழக்கத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு கை, என்று கேட்டுவிட்டாள். யார் என்று பார்ப்பதற்குள் எல்லாப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்பாயில் சிலர் சிரித்ததைப் பெரியவர் கவனித்தார். அவருக்கு அது உறைத்தது. அவர் ரோஷக்காரர்.

"சரி. வீட்டை நடத்துற பொம்பளைக்குக் கை உண்டா, இல்லையான்னு கேட்டுப்புடுவோம்," என்றார். "ஆனா கை தூக்கிக் கேட்டா, எனக்குப் பயந்து தூக்கினாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். மறைவாப் போடுங்க. ஆனா ஒரு ஆளு, ஒரு ஓட்டு. இங்க உக்காந்திருக்கிற ஆம்பளை மட்டும்."

ஜெயிப்போம் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான், அதாவது அவர் ஜெயிப்பார் என்று. ஓட்டுப் போடப்போவது கை உள்ள ஆண்கள், கேட்கிற கேள்வியோ பெண்களுக்குக் கை உண்டா என்று. கோழியைக் குழம்பு வைக்கலாமா என்று கோழி தின்கிறவனிடம் கேட்ட கதைதான். நான் மனசுக்குள் அக்காவின் பாத்திரங்களை எந்தப் பையில் வைப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

த்வாண்டே மண்பானைக்குப் பேர் போனது, அந்தப் பக்கத்து ஊரில் பானைக்குப் பஞ்சமா? மடைப்பள்ளியிலிருந்து இரண்டு பானை எடுத்தார்கள். தண்ணீர்ப் பானை பெரியது, அதில் போட்டால் பழைய வழக்கம் இருக்கட்டும் என்று அர்த்தம். குழம்புச் சட்டி அளவுக்குச் சின்னதாய் இன்னொன்று, அதில் போட்டால் பெண்களுக்கும் கை உண்டு. இரண்டையும் மடைப்பள்ளிக்குள் பலகைமேல் வைத்து, அடுப்படியில் இருந்த பெண்களை வெளியே வரச் சொல்லி, லுங்கித் திரையை இழுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மொச்சைக்கொட்டை. உள்ளே போய் ஒரு பானையில் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஊரே ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டியது.

முதல் ஆள் உள்ளே போனார். கொட்டகை அமைதியாக இருந்தது. டொம் என்றது.

பெரிய பானை. கல்லுப்போலக் காய்ந்த மொச்சை, வெறும் மண்பானை, நடுவில் தட்டிச் சுவர். எல்லாருக்கும் கேட்டது. அந்த ஆள் ஒன்றும் தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாவது ஆள் போனார். டொம். மூன்றாவதாக ஒரு பல்போன தாத்தா போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லிசாக, டிங்.

கொட்டகை முழுக்க ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. "ஏ அம்மே, இந்த ஆளா!" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தாத்தா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஊர் மொத்தமும் அவரையே பார்க்கிறது. பாவம், அவர் காது மந்தம், என்ன நடந்தது என்றே தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். நாலாவதாக எழுந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். பெரியவர் பக்கம் ஒரு தடவை, திரையைப் பார்த்து ஒரு தடவை முகத்தைத் திருப்பினார். உள்ளே போய் ஓங்கிப் போட்டார் பாருங்கள், பெரிய பானை உடைந்துவிடும் போல. நான் விசுவாசமான ஆள் என்று அவர் மொச்சை ஊருக்கே சொன்னது.

எனக்கு அடக்க முடியவில்லை. "ஐயா, நீங்க எண்ணவே வேண்டாம். நானே இங்க உக்காந்து எண்ணிட்டேன்," என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்துவிட்டேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் அதற்குள் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. ஆண்களில் சிலரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் முகம் சிவந்துபோயிற்று. மறைவு என்று அவர் சொல்லிவிட்டார், இப்போது மறைவாக இல்லை. சொன்ன சொல்லும் போய், ஊரும் சிரிக்கிறது.

அப்போது பெரியவருடைய மனைவி எழுந்தார். அந்த அம்மா கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, அன்றும் திறக்கவில்லை. திரையை ஒதுக்கிவிட்டு மடைப்பள்ளிக்குள் போனார். அங்கே உமி அடுப்பு, பக்கத்தில் ஒரு கூடை உமி. நாலு மொச்சையையும் வெளியே எடுத்து அந்தந்த ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பானையிலும் பாதிக்குமேல் உமியைக் கொட்டினார். ஒரு மொச்சையைத் தூக்கிப் பெரியதில் போட்டுக் காட்டினார். சத்தம் இல்லை. இன்னொன்றைச் சின்னதில் போட்டார், அதிலும் சத்தம் இல்லை. இரண்டு மொச்சையையும் துழாவி எடுத்துக்கொண்டு, புருஷனைப் பார்க்காமல் வந்து தம் இடத்தில் உட்கார்ந்தார். அவர்கள் மகனும் மலேசியாவில்தான் இருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருமகளும் பேத்தியும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

திரையை இழுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்போது உள்ளே போனவர்கள் போனார்கள், வந்தவர்கள் வந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தும் பயனில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் நான் கவனித்தேன். முதல் தடவை போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். இந்தத் தடவை ஒவ்வொருவரும் உள்ளே கொஞ்சம் நின்றார்கள். ஓங்கிப் போட்டவர் உள்ளே போனவர் வரவேயில்லை, தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். வெளியே வந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தண்ணீர் குடித்தார்.

கடைசியாகப் பெரியவரே போய்ப் போட்டுவிட்டு வந்தார். எண்ணலாம் என்றார்கள். அங்கேதான் அடுத்த சங்கடம். யாராவது பாதிப் பானை உமிக்குள் கையை விட்டு மொச்சையைத் தேடித் துழாவினால், ஒன்று இரண்டு கை தவறும், அல்லது தவறியது என்று நாளைக்குச் சண்டை வரும். புடைத்தால்தான் உமி பறந்து மொச்சை நிற்கும். புடைக்க முறம் பிடிக்கத் தெரிய வேண்டும். முன்பாயில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் நான் புடைக்கிறேன் என்று வீராப்பாக முறத்தை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார், உமி மொத்தமும் அவர் மீசையிலேயே இறங்கியது.

"ஓட்டு இல்லாதவங்க எண்ணினா யாரும் குத்தம் சொல்ல முடியாது," என்றார் காது மந்தமான தாத்தா. அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவர் பெண்கள் பக்கம் திரும்பி, வாங்க என்று கையைக் காட்டினார்.

கொட்டகையின் நடுவுக்கு, ஆண்களின் பாயைத் தாண்டி, பெண்கள் அன்றுதான் முதல் முறையாக வந்தார்கள். பெரிய பானையை இரண்டு பெண்கள், சின்னப் பானையை அக்காவும் பெரியவரின் மருமகளும் எடுத்துக்கொண்டார்கள். நாலு முறம். தட்டும் சத்தம் கிளம்பியது. வாய்க்கால் பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று அடித்தது, உமி அப்படியே எழுந்து பாயில் இருந்தவர்களின் தலையில் உட்கார்ந்தது. யாரும் தட்டிவிடவில்லை. எல்லாருடைய கண்ணும் முறத்திலேயே இருந்தது.

நான் அக்கா முறத்தை மட்டும் பார்த்தேன். முதலில் ஒரு மொச்சை தெரிந்தது. தாத்தாவுடையது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இன்னொன்று. அடுத்த கொட்டலில் ஒரு கைப்பிடி. அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு இன்னும் வேகமாகத் தட்டினாள். அந்தப் பக்கம் பெரிய பானை முறத்தில் மொச்சைகள் ஒன்றோடொன்று முட்டாமல் தள்ளித் தள்ளிக் கிடந்தன. அக்கா முறத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எண்ணித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. இருந்தாலும் பெரியவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார், இரண்டு முறத்தையும், சத்தமாக.

கொட்டகையில் யாரும் கை தட்டவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். நீயுமா என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கண்ணால் கேட்டார்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தே கை தூக்கியவர்கள், அவன் மனசில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அந்த எண்ணம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிற்பாடு பொங்கல் சாப்பிடும்போது ஓங்கிப் போட்ட அந்த மனுஷர் என் பக்கத்தில் இலையோடு வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார்.

"என் பையனும் பாங்காக்ல. எனக்கு நெஞ்சு வலி இருக்கும்மா. நான் போயிட்டா என் வீட்டுக்காரி நிலைமை என்ன? உங்க அக்கா எந்திரிச்சு நின்னப்ப என் வீட்டுக்காரி நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது."

காலையில் அந்த ஊரைப் பற்றி நான் பேசிய பேச்சையெல்லாம் பொங்கலோடு சேர்த்து விழுங்கினேன்.

அதற்கு முன்னால், எண்ணி முடித்ததும் பெரியவர் என்ன செய்வாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தலையில் உமி இருந்தது.

"சரி. வழக்கம் இன்னையிலேருந்து இதுதான்," என்றார். "ஆம்பளை இல்லாம வீட்டை நடத்துறவங்க கையைத் தூக்குங்க, ஊர் பாத்துக்கட்டும். கடன் குடுத்த கையெல்லாம் இனிமே வேண்டாம்."

பெண்களுக்கு உடனே கை எழவில்லை. வாழ்நாளில் அந்தக் கொட்டகையில் செய்யாத காரியம். பெரியவரின் மருமகள்தான் முதலில் தூக்கினாள், மாமனாரைப் பார்த்துக்கொண்டே. அவர் மகன் ஊரில் இல்லாத அந்த வீட்டுக்கு அது இரண்டாவது கையா என்று பங்காளி முணுமுணுத்தார். மாமனார் இருக்கும்வரை உனக்கு இல்லை, இறக்கு, என்று பெரியவர் சிரித்தபடி சொல்ல, அவள் வெட்கத்தோடு இறக்கினாள். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அக்கா முறத்தைக் கீழே வைக்க மறந்து அதோடு சேர்த்தே தூக்கிவிட்டாள். முறத்தில் ஒட்டியிருந்த உமி அவள் தலைமேலேயே கொட்டியது. ஊர் சிரித்தது, அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உமி விழுந்தது என்றாள். எனக்கும் கண்ணில் விழுந்தது.

கலைந்து போகும்போது பெரியவர் அக்காவிடம் வந்தார். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"உன் வயல்ல மேற்கு வரப்பு இடிஞ்சு கிடக்கு. மழைக்கு முன்னாடி கட்டிப்புடு."

"கட்டிடறேங்க."

"ஆளு வேணும்னா சொல்லு."

உங்கள் மொச்சை எந்தப் பானையில் விழுந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா அதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் கிள்ளினாள். சின்னப் பானையில் இருந்ததில் ஒன்று அவருடையது என்று நான் சத்தியம் செய்வேன், ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. உமி போட்ட பானை அதற்காகத்தானே.

சாயங்காலப் படகுக்கு நான் தனியாகத்தான் கிளம்பினேன். அக்கா என் பைகள் இரண்டையும் காலியாக விட மனசில்லாமல், ஒன்றில் வாழைத்தாரும் முருங்கைக்காயும், மற்றதில் முந்தின அறுவடை நெல்லைக் குத்திய அரிசியும் திணித்தாள். படகில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. பாதி அவளுக்காக, சந்தோஷத்தில். மீதி எனக்காக. மறைக்க என்ன இருக்கிறது, அவள் வந்திருந்தால் ராத்திரி பேச ஆள் இருந்திருக்கும் என்று ஓர் ஆசை எனக்கும் இருந்தது. அவள் அங்கே தோற்றால்தான் என் ஆசை நடக்கும் என்பது தெரிந்தும் இருந்தது. டலாவை விட்டுப் படகு நகர்ந்து ரங்கூன் பக்கத்துக் கட்டடங்கள் தெரிய ஆரம்பிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பர்மாக்கார அம்மா காடை முட்டை உரித்துக் கொடுத்தாள், சாப்பிட்டேன்.

இந்த வருஷமும் சித்திரைக் கூட்டம் நடந்தது. வயல் பங்கீடு மட்டும் பானையில், மற்றதெல்லாம் கை தூக்கித்தான். நான் போக முடியவில்லை, கல்யாண மாசம், ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. அக்காவே போனில் சொன்னாள். வடக்கு வாசலைத் திறந்து வைக்கலாம் என்று யாரோ ஒரு பெண் கேட்டாளாம். பெரியவர் கூடாது என்று கை தூக்கினாராம். பாதி ஊர் அவரோடு தூக்கியதாம்.

"நீ?"

"நான் தூக்கலை."

"பயமா இல்லியா?"

"பக்கத்துல இருந்தவளும் தூக்கலை பாப்பா. அவளுக்குப் பக்கத்துல இருந்த ஆம்பளையும் தூக்கலை."

வாசல் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அந்த ஊரில் ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடாது. ஆனால் பெரியவர் தன் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பி எண்ண வேண்டியிருந்தது என்று அக்கா சொல்லும்போது அவள் குரலில் இருந்த கர்வத்தை நான் இங்கே எப்படி எழுதுவேன்?

ஓடாத மிஷினை அந்த மாசியிலேயே ஒரு பழைய சாமான் வியாபாரி எடுத்துப் போய்விட்டான். கட்டில் வாங்கவில்லை. வேறு எதையாவது அங்கே வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசனை சொல்கிறார்கள், அலமாரி என்கிறார்கள், பிரிட்ஜ் என்கிறார்கள். நான் ஒன்றும் வைக்கவில்லை. தைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினால் அந்தக் காலி மூலை தெரியும். அக்கா அவள் வயலில் இருக்கிறாள் என்று அது எனக்குச் சொல்லும். மறுபடி குனிந்து மிஷினை மிதிப்பேன்.